விழாமல் இருக்க மூன்று ஃபைல்கள்

விழுந்தவரைத் தூக்கிவிட்டால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். விழுவதற்கு முன்னாலேயே போய் ‘நீங்கள் விழலாம்’ என்று சொன்னால் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவைப்பார்கள். என் தொழில் இரண்டாவது ரகம்.

நான் பிசியோதெரபி கடைசி வருடம். தாம்பரத்தைச் சுற்றி, எழுபதைத் தாண்டியவர்களின் வீடுகளுக்கு மாதம் ஒரு தடவை போகவேண்டும். நடக்கச் சொல்லிப் பார்க்கவேண்டும். எது தடுக்கும், எங்கே வழுக்கும் என்று ஃபாரத்தில் எழுதிக் கல்லூரியில் கொடுக்கவேண்டும். வீட்டில் பெரியவர்களை வைத்துக்கொண்டு ‘நாம சொன்னா எங்க கேக்கறாங்க’ என்று தினமும் அலுத்துக்கொள்ளும் அன்பர்களே, நானும் உங்கள் கட்சிதான். ஆனால் நான் சொன்னதை ஒருவர் அப்படியே கேட்டதால் வந்த வினையும் இதில் உண்டு. பொறுமையாகப் படிக்கவும்.

முதல் வீடு

செம்பாக்கத்தில் ஒரு வீடு. கதவு திறந்தே கிடந்தது. எழுபத்துநாலு வயது அம்மா ஒருவர், கால் ஆடும் பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் ஏறி, ஃபிரிட்ஜின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வணக்கம் சொல்லத் தோன்றவில்லை எனக்கு. “ஆன்ட்டி, இறங்குங்க, விழுந்துடுவீங்க” என்றேன்.

இறங்கினார். துணியை மடித்து வைத்தார். யார், எவர் என்று விசாரித்தார். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார். நான் டம்ளரைக் கீழே வைக்கும்வரை காத்திருந்து சொன்னார்: “எழுவத்திநாலு வருஷமா விழாதவளைப் பார்த்து, வெள்ளிக்கிழமையும் அதுவுமா இப்படி வாய வெக்கறியே, நீ நல்லா இருப்பியா?”

வெயிலுக்குப் பஞ்சம்

அனகாபுத்தூர் தேவராஜ் அண்ணன், மறைமலை நகரில் காருக்குப் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். விடியும் முன் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும், இருட்டிய பிறகு இறக்கிவிடும். நடுவில் தகரக் கூரை. ஓய்வு பெற்ற பிறகு தகரத்துக்குப் பதில் ஹால் ஃபேன், அவ்வளவுதான் வித்தியாசம். ரத்தத்தில் விட்டமின் டி தரைமட்டத்தில் இருந்தது. வாரம் ஒரு பாக்கெட் மருந்து பாலில் கலந்து குடிக்கச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதியிருந்தார். அண்ணன் சீட்டை ஃபேன் காற்றில் பறக்காமல் டிவி ரிமோட்டுக்கு அடியில் வைத்திருந்தார், அதோடு சரி.

எனக்கு விவாதம் என்றால் சாப்பாடு வேண்டாம். ஆரம்பித்தேன். இந்தச் சத்து தோலில் வெயில் பட்டால் உடம்பு தானே செய்துகொள்வது. வயதாக ஆக தோலுக்கு அந்தச் சாமர்த்தியம் குறையும். நிழலிலேயே இருந்தால் இன்னும் குறையும். ரொம்பக் குறைந்தால் எலும்போடு தசையும் தளரும், கால் தடுமாறும். ஆகவே மருந்தையும் குடியுங்கள், காலையில் கொஞ்சம் வெளியிலும் நில்லுங்கள் என்று பத்து நிமிடம் பேசினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வாசலில் நான் சாத்தி வைத்திருந்ததையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “இந்த ஊர்ல வெயிலு பத்தலன்னு சொல்றதுக்கு, நீ இன்னாத்துக்கும்மா கொடைய புடிச்சிகினு வந்துகீற?”

பாதி பாதி

சிட்லப்பாக்கத்தில் ஒரு ரிட்டயர்டு வங்கி அதிகாரியும் மனைவியும். மனைவிக்கு மட்டும் வாரம் ஒரு பாக்கெட். நான் போனபோது அந்த வாரப் பாக்கெட்டைப் பாலில் கலக்கி, ஆற்றி, இரண்டு டம்ளரில் கோட்டுக்குக் கோடு சமமாக ஊற்றிக்கொண்டிருந்தார் அங்கிள். நாற்பத்துநாலு வருடமாக ஹோட்டலுக்குப் போனால்கூட ஒரு காபி வாங்கி இரண்டாக்கிக் குடிக்கும் தம்பதி. அந்தப் பழக்கம்.

“அங்கிள், உங்களுக்கு டெஸ்டே எடுக்கலை. ஆன்ட்டிக்குத் தேவையானதுல பாதிதான் போகுது. இது ரெண்டு பேருக்கும் தப்பு” என்றேன். ஆன்ட்டி என் பக்கம் தலையாட்டினார். அங்கிள் தன் டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் பதில் சொன்னார்: “அவளுக்கு மட்டும்தான் எலும்பா, எனக்கென்ன உள்ள ரப்பரா வெச்சிருக்கு?”

மருந்தைக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களோடு சண்டை போடுவதுதான் என் வேலை என்று இதற்குள் எனக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. அந்த முடிவோடுதான் மாடம்பாக்கம் போனேன். அதுதான் தப்பு.

நாற்காலிப் பரீட்சை

மெர்சி டீச்சருக்கு எழுபத்தொன்பது வயது. கணக்கு டீச்சராக இருந்தவர். மாடம்பாக்கத்தில் கோயில் பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிறார். சாயங்காலம் ஆனால், பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்ட ஐந்து பேர் அவருடைய சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒரே பிள்ளை பிரபு, பெங்களூரில். டீச்சர் ஏற்கெனவே இரண்டு தடவை விழுந்திருந்தார். துணி துவைக்கும் கல்லருகே ஒரு தடவை, கேட்டுப் பக்கம் ஒரு தடவை. எலும்பு தப்பித்தது. ஆனால் பிரபு ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: மூன்றாவது தடவை விழுந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு பெங்களூர், பதினாலாவது மாடி. டீச்சரும் ஒப்புக்கொண்டிருந்தார். வாக்குக் கொடுத்தால் மாற மாட்டார் என்பது பிள்ளைக்குத் தெரியும்.

எங்கள் பரீட்சை சுலபமானது. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரவேண்டும். எத்தனை விநாடி என்று பார்ப்போம். டீச்சருக்குப் பதினாலு, விழும் ஆபத்துக்கு விளிம்பு. என் செல்போனை நம்பாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார். கடைசியில் ஃபாரத்தில் ஒரு கட்டம் வரும்: ‘விட்டமின் டி — ஆம் / இல்லை’. “சாப்பிடறேனே, ஒரு வாரம்கூட விட்டதில்ல” என்றார். அனகாபுத்தூரிலும் சிட்லப்பாக்கத்திலும் தொண்டை வற்றியவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ‘ஆம்’ மேல் அழுத்தமாக டிக் போட்டு, “சூப்பர் டீச்சர், விடாம சாப்பிடுங்க” என்று பாராட்டுப் பத்திரமும் வாசித்தேன். வாசல்வரை வந்து வழியனுப்பியவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பார்டர் பாஸ்தான்னு எனக்கே தெரியுது நிவேதா, ஆனா அதைப் பெங்களூருக்கு எழுதாத.”

மேஸ்திரி எதற்கு

டீச்சர் வீட்டு பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கதவுக்குப் பக்கத்தில் விளிம்பு சுருண்ட கால்மிதி. பல்பு ஒன்று, அதுவும் மங்கல். இரண்டு கைப்பிடி, ஒரு நல்ல பல்பு, அந்தக் கால்மிதியைத் தூக்கிப் போட ஒரு அனுமதி. இந்த மூன்றுக்காகப் பிரபு சாரைப் போனில் பிடித்தேன். நல்ல மனிதர். அம்மா மேல் உயிர். டைல்ஸில் ஓட்டை போட்டால் விரிசல் விடும் என்றார். நானே நல்ல கம்பெனி விட்டமின் பாட்டில் ஆன்லைனில் வாங்கி மாதாமாதம் அனுப்புகிறேனே என்றார்.

“சார், சத்து கம்மியா இருக்கறவங்களுக்கு அது தேவைதான். ஆனா கால் வழுக்கும்போது மாத்திரை வந்து கையப் பிடிக்காது” என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எங்கே நிறுத்தினேன்? மாத்திரை வாங்குவது சுலபம், டெலிவரி ஆனதும் கடமையும் டெலிவரி ஆகிவிடும், கைப்பிடிக்குத்தான் ஆள் நேரில் வரவேண்டும் என்றெல்லாம் பொரிந்து தள்ளினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் சாந்தமாகச் சொன்னார்: “ஒரு மாத்திரையில முடியற விஷயத்துக்கு நீங்க ஏன்மா மேஸ்திரி வரைக்கும் போறீங்க?”

வாளிக் கணக்கு

அடுத்த மாதம் போனபோது டீச்சர் முழுக்கை வைத்த ரவிக்கை போட்டிருந்தார். மாடம்பாக்கத்தில், அந்தப் புழுக்கத்தில். நாற்காலிப் பரீட்சையில் இருபத்தொரு விநாடி. எழும்போதே இரண்டு கையாலும் நாற்காலியை அழுத்தித்தான் எழுந்தார். பக்கத்தில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் அதைக் காலி செய்தார். மூன்று தடவை பாத்ரூம் போய் வந்தார். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றார். டியூஷன் பிள்ளைகளை ஒரு வாரம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அதைச் சொன்னபோது என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

கையைக் காட்டச் சொன்னேன். முழங்கையிலிருந்து தோள்வரை கன்றிப்போய், நாவல்பழக் கலரில் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, பாத்ரூமுக்கு அவசரமாகப் போகும்போது, அதே கால்மிதி. மூன்றாவது தடவை. “இதை எழுதணும் டீச்சர்” என்றேன். விழுந்தார் என்று எழுதினால் கல்லூரியிலிருந்து பிள்ளைக்குப் போன் போகும். எங்கள் விதி. “ஃபாரத்தைக் கொடு” என்று வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ‘விழுதல்’ என்பதற்கு அச்சடித்திருந்த விளக்கத்தை இரண்டு தடவை படித்தார். தன்னை அறியாமல் தரையை அடைவது என்று அதில் இருந்தது. அரை மணி நேரம் வாதாடினோம். தோற்றது நான். பென்சிலால்கூட எழுதாமல் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். டீச்சர் தீர்ப்பை மறுபடி ஒருமுறை வாசித்தார்: “உங்க வரையறைப்படி இது விழுதலே இல்ல, நான் தரைக்கு வரல, நடுவுல வாளி இருந்துது.”

சிவப்பு, பச்சை, நீலம்

தோற்ற கோபத்தில் கிளம்பியிருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். அந்தத் தண்ணீர் பாட்டில்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. சுகர் ஏறியிருக்குமோ? “சுகர் நார்மல். போன வாரம்தான் பார்த்தேன், ஃபைல்ல இருக்கு” என்று பீரோவைத் திறந்தார். ஒன்றல்ல, மூன்று ஃபைல். சிவப்பு எலும்பு டாக்டருக்கு, பச்சை சுகர் டாக்டருக்கு, கால் மதமதப்புக்குப் பார்க்கும் நரம்பு டாக்டருக்கு நீலம். ஒவ்வொன்றிலும் அந்தந்த டாக்டரின் சீட்டு, அந்தந்த டாக்டரின் மாத்திரை. சிவப்பில் ஒரு பாக்கெட் மருந்து, ஞாயிறு சர்ச் முடிந்து வந்து பாலில் கலந்து. பச்சையில் ஒரு கேப்ஸ்யூல், புதன்கிழமை. நீலத்தில் மென்று தின்கிற மாத்திரை ஒன்று, வெள்ளிக்கிழமை. இதற்குமேல் பிரபுவின் பாட்டில், தினமும் காலை. “ஒரு டாக்டர் ஃபைலை இன்னொரு டாக்டர்கிட்ட கொண்டுபோனதில்லையா?” என்றேன். அதிர்ந்துபோனார். “அவங்களுக்கு முகம் மாறிடும்மா. நம்ம மேல நம்பிக்கை இல்லியான்னு நெனைப்பாங்க.”

உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஒரு கலர் வரிசை இருக்கிறதா இல்லையா, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். மருந்துப் பெயர்கள் எல்லாம் வேறு வேறாக இருந்தன. எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு தெருமுனை மெடிக்கலுக்கு ஓடினேன். கடை சலீம் அண்ணனுடையது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “ஒரே சரக்குதாம்மா எல்லாம். சட்டதான் வேற வேற. எட்டு வாரம்னு எலும்பு டாக்டர் எழுதிக்கீறாரு, எட்டு மாசமா ஓடிகினு கீது. அவங்க ஒரு நாளைக்கு ஒரு சீட்டு எடுத்துகினு வந்தா எனக்கு எப்டி தெரியும்?” எனக்கு வந்ததே கோபம். வாரம் ஒன்று போதும் என்கிற மருந்து மூன்று வழியாகப் போயிருக்கிறது, மூன்று டாக்டர், ஒரு கடை, ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லையா என்று கவுன்ட்டரில் நின்று கத்தினேன். சலீம் அண்ணன் கத்தவில்லை. “நானு போன மாசமே கேட்டேன், இன்னா டீச்சர் இவ்ளோ வாங்கறீங்கன்னு. அதுக்கு அவங்க இன்னா சொன்னாங்க தெரியுமா? ‘பிசியோ பொண்ணே ஃபாரத்துல டிக் போட்டு, விடாம சாப்பிடச் சொல்லிட்டா’ன்னாங்க.”

கேட்காத கேள்வி

மருந்து என் டிபார்ட்மென்ட் இல்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மூன்று டாக்டர்களும் அதைத்தானே சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டேன். அங்கேயே மெடிக்கல் வாசலில் நின்று எங்கள் புரொஃபசருக்குப் போன் செய்தேன். டி மருந்து நாலையும் உடனே நிறுத்தி, இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ என்றார். காலியாக விட்ட கட்டத்தில் பேனாவால் எழுதினேன்: மூன்றாவது முறை விழுந்தார். டீச்சரிடம் மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன். ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், சேலையூர் தாண்டும்வரை முகத்தை ரோட்டுப் பக்கமே திருப்பி வைத்திருந்தார்.

மூன்று ஃபைலையும் சேர்த்து மேஜையில் வைத்ததும் எலும்பு டாக்டர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். விட்டமின் டி இருக்கவேண்டிய அளவைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. அது கால்சியத்தையும் கூடவே ஏற்றிவிட்டிருந்தது. அந்தத் தாகம், அந்த பாத்ரூம் ஓட்டம், குமட்டல், காலில் பலமில்லாதது, எல்லாம் அதன் வேலையாக இருக்கலாம் என்றார். விழாமல் இருக்கச் சாப்பிட்டதுதான் அவரை பாத்ரூமுக்கு விரட்டி விழவைத்திருக்கிறது. டி, கால்சியம் எல்லாவற்றுக்கும் தடை, இரண்டு நாள் ட்ரிப்ஸ். “இத்தனை பேர்கிட்ட வாங்கறீங்கன்னு ஏம்மா எங்கிட்ட சொல்லல?” என்று டாக்டர் கேட்டார். பயந்தபடியே அவர் முகம் மாறியிருந்தது. டீச்சர் அதையும் பார்த்துக்கொண்டு, மாணவனிடம் பேசுகிற குரலில் சொன்னார்: “நீங்க கேக்கல டாக்டர்; கேட்டதுக்கெல்லாம் உங்க ஃபைல்ல பதில் இருக்கு.”

மறுபடி ஒன்றிலிருந்து

கல்லூரியிலிருந்து போன் போனது. அன்று இரவே கிளம்பி, காலையில் காரோடு வந்து நின்றார் பிரபு. டிக்கியைக் காலி பண்ணிக்கொண்டு வந்திருந்தார். அம்மாவின் சாமான்களுக்காக. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த அன்று நானும் போனேன். டீச்சர் என்னிடம் இன்னும் பேசவில்லை. வீட்டில் பாதி அட்டைப்பெட்டி. கணக்குப் புத்தகங்கள் கயிறு கட்டிக் கிடந்தன. மூன்று என்றால் மூன்றுதான், அம்மாவே ஒப்புக்கொண்டது என்றார் பிரபு.

நான் ஆரம்பித்தேன். ஆனால் இந்தத் தடவை என்னிலிருந்து ஆரம்பித்தேன். விடாமல் சாப்பிடச் சொன்னது நான், எத்தனை பேர் கொடுத்தது என்று கேட்காதது நான். அப்புறம்தான் அவருடைய பாட்டிலை எடுத்து மேஜையில், மூன்று ஃபைலுக்குப் பக்கத்தில் வைத்தேன். பதினாலாவது மாடிக்குப் போனாலும் இந்த நாலும் கூட வந்தால் அங்கேயும் விழுவார், சார். அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் பொடி எழுத்தில் ‘விட்டமின் டி’ என்று அச்சடித்திருந்ததை வாசித்தார். உட்கார்ந்துவிட்டார். “நான் நல்லதுன்னு நெனைச்சுதாம்மா அனுப்பினேன்” என்றார், அம்மாவிடம். டீச்சர் அவர் தலையை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். அவ்வளவுதான், அடுத்த நொடி டீச்சராகிவிட்டார். “கேள்வியே தப்பா வந்துட்டா போர்டு எக்ஸாம்ல என்ன பண்ணுவாங்க? எழுதினவங்க எல்லாருக்கும் அந்த மார்க்கைக் கொடுத்துடுவாங்களா இல்லியா?”

ஆறு வாரம் ஆகிறது. பிரபு காலி டிக்கியோடு கிளம்பும் முன் கால்மிதியைத் தன் கையாலேயே குப்பையில் போட்டார். மேஸ்திரி வந்தார். இரண்டு கைப்பிடி, ஒரு டைல்ஸ்கூட விரிசல் விடவில்லை. ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது. விட்டமின் டி மறுபடி வேண்டுமா, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை எலும்பு டாக்டர் ஒருவரே பிறகு பார்த்துச் சொல்வார். ஃபைல் இப்போது ஒன்றுதான், தடியாக, மஞ்சள் கலரில். நேற்று நாற்காலிப் பரீட்சையில் பதிமூன்று விநாடி. சாப்பாட்டு மேஜையில் ஐந்து பேர் அல்ஜீப்ரா போட்டுக்கொண்டிருந்தார்கள். ‘விழுதல்’ கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். போனில் பிள்ளையை ஸ்பீக்கரில் போட்டு, இருவருக்கும் சேர்த்துச் சொன்னார் டீச்சர்: “தப்புக் கேள்வித்தாள்ல விழுந்த மூணும் செல்லாது, இனிமே விழுந்தா அது ஒண்ணு.”

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் ‘விட்டமின் டி — ஆம் / இல்லை’ கட்டத்துக்குப் பக்கத்தில் பேனாவால் ‘எத்தனை பேர் கொடுத்தது?’ என்று எழுதிக்கொண்ட பிறகுதான் வாசலில் குடையையே மடக்குகிறேன்.